நீல வயர்

"கதவைப் பூட்டினா இன்ரநெற்றும் உள்ளுக்கயே நிக்குமா அம்மா?"

ஆரணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய வீடு இருந்தது. முன்னறை கடை. அங்கே நான்கு பழைய கம்பியூட்டர்களும் ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும், சுவரில் பத்திரகாளி அம்மன் படமும் இருந்தன. அன்று ஒருவன் வந்து, இரண்டு கொம்பு முளைத்த வெள்ளைப் பெட்டியொன்றை மேசையில் வைத்து, இனி வயர் வேண்டாம், எல்லாம் காற்றிலேயே வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தாய் யோகமலர் சிரித்தாள். ஓம், நிக்கும், அதுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கு என்றாள். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் பதில்களில் பாதி, கையிலிருக்கும் வேலையை முடிக்கும் அவசரத்தில் சொல்லப்படுபவை. அந்தப் பதில் பிழையானது என்பது அவளுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

சுனாமி வந்த நாளில் யோகமலரின் கணவனைக் குச்சவெளிக் கரையில் கடல் கொண்டுபோனது. பிறகு ஒரு நிவாரண நிறுவனம் அந்தக் கம்பியூட்டர்களைக் கொடுத்தது. கடையைத் திறந்த கொஞ்சக் காலத்திலேயே நாட்டில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. சந்தையடியில் குண்டு வெடித்த பிறகு ஒழுங்கையில் யாரும் யாரையும் நேரே பார்ப்பதில்லை. தமிழர் வீட்டுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வருவது நின்றது. பொங்கல் போவதும் நின்றது. மாலையானதும் கதவுகள் சாத்தப்படும். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, யார் வீட்டுக்கு யார் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்துல் மஜீத் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் மேற்பகுதியில் காற்று வருவதற்கு விட்டிருந்த துவாரங்களும் பொது. சண்டையில் மூதூரிலிருந்து முஸ்லிம் சனம் எல்லாம் வெளிக்கிட்டு ஓடிய நாளில் அவரும் ஓடி வந்தவர். வழியில் தம்பியைப் பறிகொடுத்தவர். கம்பியூட்டர் திருத்துவது அவருடைய தொழில். மனைவி ஜெமீலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள்.

வந்த முதல் கிழமையே இரண்டு வீட்டுக்கும் இடையே சண்டை தொடங்கிவிட்டது. யோகமலரின் ஜெனரேற்றர் புகை தன் வீட்டுக்குள் வருகிறது என்றார் மஜீத். அவருடைய வீட்டுக் கழிவுத் தண்ணீர் தன் வாசலில் ஓடுகிறது என்றாள் அவள். ஒரு நாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்:

"ஒங்கட ஆக்கள் எங்கட ஊரையே பொகையாக்கிட்டானுகள். இந்தப் பொகை என்ன பெரிசா?"

"என்ர ஆக்கள் எண்டு எனக்கு ஒரு பிள்ளை மட்டும்தான் இருக்கு," என்றாள் யோகமலர். "அவள் உங்கட ஊருக்கு வரேல்ல."

அந்த ஒழுங்கையில் சண்டை பிடிக்கிறவர்கள்கூட அக்கா என்றோ தம்பி என்றோ நானா என்றோ ஒரு முறை சொல்லித்தான் சண்டை பிடிப்பார்கள். இவர்கள் இருவரும் எந்த முறையும் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு பேச்சே நின்றுவிட்டது.

ஒரு மாலை இணைப்பு மிக மெதுவாக இருந்தது. வெள்ளைப் பெட்டியில் எந்தெந்தக் கம்பியூட்டர்கள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் பக்கத்தை யோகமலர் திறந்து பார்த்தாள். அவளுடைய நான்கும் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதன் பெயர் ஜெமீலா.

எப்படி உள்ளே வந்தது என்று அவள் இணையத்திலேயே தேடி வாசித்தாள். அவளுடைய பெட்டியில் இருந்தது வெப் (WEP) என்ற பழைய வகைப் பூட்டு. அது பூட்டுப்போலத் தெரியுமே தவிர, காற்றில் போகும் தகவல்களைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கடவுச்சொல் என்ற திறப்பு கைக்கு வந்துவிடும். சுவர் அதற்குச் சுவரே இல்லை. புதிய பூட்டு ஒன்று வந்திருந்தது. நீளமான, யாரும் ஊகிக்க முடியாத திறப்பு வைத்தால் அதை உடைப்பது கடினம். ஆனால் அவளுடைய பழைய கம்பியூட்டர்களுக்கு அந்தப் பூட்டுத் தெரியாது. பழையபடி வயர் இழுத்துவிட்டு, காற்றில் போவதை நிறுத்துவதுதான் வழி.

நாளைக்கே நிறுத்துகிறேன் என்று அவள் நினைத்தாள். மனதில் நல்ல கோபம். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், களவாக வந்து என் வீட்டுக்குள் இருக்கிறார் என்று பல்லைக் கடித்தாள்.

அன்று மாலைத் தொழுகை முடிந்த பிறகு, துவாரங்களின் வழியே ஒரு சிரிப்பு வந்தது. யோகமலர் அந்தச் சிரிப்பை முன்பு கேட்டதில்லை. மஜீத் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து குவைத்திலிருக்கும் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். சோற்றுக்கு ஆணம் வைத்ததைப் பற்றிச் சொன்னார். உப்புக் கூடிப்போன கதையைச் சொன்னார். அங்கே அவள் அழுதாளோ என்னவோ, மெல்லிய குரலில் அவளுக்கு ஏதோ ஓதினார்.

யோகமலர் விளக்கைத் தூண்டிவிட்டு அம்மன் படத்தின் முன் நின்றாள். கடல் கொண்டுபோனவனோடு இப்படி ஒரு நாள் கதைக்க முடியுமென்றால் தான் எந்தப் பூட்டைத்தான் உடைக்கமாட்டேன் என்று நினைத்தாள். அடுத்த நாள் அவள் வயர் வாங்கப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஜெனரேற்றர் சண்டையும் தண்ணீர்ச் சண்டையும் அப்படியே இருந்தன.

ஒரு புதன்கிழமை காலை, கடை திறந்த கையோடு ஜீப் வந்தது. விசாரணைப் பிரிவு ஆட்கள் நான்கு பேர் உள்ளே நுழைந்தார்கள். அவர்களுடைய சிங்களத்தை மொழிபெயர்க்க வந்தவர் சோமசேகரம். கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடையாள அட்டைப் படிவம் நிரப்பிக் கொடுத்து அவளுக்கும் தெரிந்தவர். இப்போது தெரியாதவர்போல நின்றார். துறைமுகத்துக்கு வரவிருந்த ஒரு கப்பலின் முகவருக்கு, கப்பல் வந்தால் திரும்பிப் போகாது என்று மிரட்டல் மின்னஞ்சல் போயிருக்கிறது. முதல்நாள் மாலை அது புறப்பட்ட இடம் இந்தக் கடையின் இணைப்பு. அவ்வளவுதான் சொன்னார்கள்.

கம்பியூட்டர்களைத் தூக்கினார்கள். ஒருவன் வெள்ளைப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். யாரெல்லாம் இணைந்திருந்தார்கள் என்பதை அந்தப் பெட்டி மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்ல யோகமலர் வாயைத் திறந்தாள். வரிசையில் ஐந்தாவதாக இருந்த பெயர் நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டாள். ஆரணி சீருடையோடு படியில் நின்றாள். பிள்ளையைச் சாம்பல்தீவிலிருக்கும் சின்னம்மா கனகம்மா வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல மட்டும் நேரம் கொடுத்தார்கள். ஒழுங்கையின் யன்னல் சீலைகள் எல்லாம் ஆடின. ஒரு கதவும் திறக்கவில்லை.

விசாரணை நடந்த அறையில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் இருந்தன. அதிகாரி சத்தம் போடவில்லை. சோமசேகரம்தான் சத்தம் போட்டார். பெட்டி பூட்டியிருந்ததா என்று கேட்டார்கள். பூட்டியிருந்தது என்றாள். திறப்பு யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும். அப்படியென்றால் அனுப்பியது நீதான். நேற்று மாலை கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளையோடு கோயிலில் நின்றேன் என்றாள். கோயிலில் யார் கண்டது? ஐயர் கண்டிருப்பார். ஐயரும் உங்கள் ஆள்தானே.

அந்தப் பூட்டு வெளியிலிருந்து உடைக்கக்கூடியது என்று அவள் விளக்கிப் பார்த்தாள். உடைகிற பூட்டை ஏன் போட்டிருந்தாய், யாருக்காக என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வி நேரே நெஞ்சில் வந்து நின்றது. 

அதிகாரி வெளியே போன நேரம் சோமசேகரம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"பிள்ளை, ஒரு பேரைச் சொல்லு. ஆற்ற பேரெண்டாலும் பரவாயில்ல, அவங்களுக்கு ஒரு பேர் வேணும். சொன்னா இண்டைக்கே வீட்ட போகலாம். சொல்லாட்டி வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வாகனம் போகுது, அதில உன்னை ஏத்துவினம். ஏத்தினா பிறகு உன்ர பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

கொழும்புக்கு ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களை யோகமலருக்குத் தெரியாது. ஒரு பெயர் அவளுடைய நாக்கில் இருந்தது. அது பொய்யான பெயருமல்ல. அந்த மனிதர் களவாகத்தான் வந்தார். தமிழர் என்றாலே பல்லைக் கடிக்கிறவர். மின்னஞ்சலை அவர்தான் அனுப்பினாரோ, யாருக்குத் தெரியும்? அவள் கண்ணை மூடினாள். துவாரத்தின் வழியே வந்த அந்த ஓதல்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்தது என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் செய்தாரா இல்லையா என்பதுதான் தெரியாது. தெரியாததை வைத்து ஒரு மனிதரைப் பிடித்துக் கொடுக்க அவளால் ஏலவில்லை.

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது ஐயா," என்றாள்.

"அப்ப கிட," என்று சொல்லிவிட்டுச் சோமசேகரம் எழுந்து போனார்.

ஜீப் வந்ததை மஜீத்தும் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தார். உடனே தன்னுடைய மடிக்கணினியை அரிசி மூடைக்குள் புதைத்தார். ஒரு பையில் உடுக்கச் சாரமும் மருந்தும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தது தனக்குத்தான் என்று காத்திருந்தார். புதன் கழிந்தது. யாரும் வரவில்லை. வியாழன் காலையிலும் வரவில்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீடு வாசலையே பறித்தவர்களின் காற்றைக் கொஞ்சம் எடுத்தது களவா என்று இத்தனை நாளும் தன்னைத் தேற்றி வைத்திருந்தவர் அவர். இப்போது அந்தத் தேறுதல் நிற்க மாட்டேன் என்றது. வேலியடியில் கனகம்மா பிள்ளையின் சீருடையைத் தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் தாய் எப்போது வருவாளாம் என்று அவர் கேட்டார்.

கனகம்மா திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குச் சந்தோசம்தானே. புகை நிண்டிட்டுது."

அவர் வேலியடியை விட்டுப் போகவில்லை. அவள் கொஞ்சம் இளகினாள். யோகமலருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் சோமசேகரத்தைக் கண்டதாகச் சொன்னாள். ஒரு பெயர் சொன்னால் விடுவார்களாம். அவள் எந்தப் பெயரும் சொல்கிறாளில்லையாம். நாளைக்கு ஏற்றப் போகிறார்களாம். பிள்ளை இரவு முழுக்க, அம்மா பூட்டினவ, நான் கண்டனான் என்றே நித்திரையில் பிசத்திக்கொண்டு கிடந்ததாம்.

மஜீத் உள்ளே போய் அரிசி மூடையைக் கவிழ்த்தார். மடிக்கணினியைத் துடைத்துத் திறந்தார். திரையில் அதன் பெயர் வந்தது. ஜெமீலா குவைத்துக்குப் போன நாளில் அவர் வைத்த பெயர். ஊரெல்லாம் கம்பியூட்டர் திருத்துகிறவர், களவாக ஒரு வீட்டுக்குள் போகும்போது பெயரை மாற்ற வேண்டும் என்று நினைக்கவேயில்லை. அந்தப் பெயரை அவரால் மாற்றவும் முடிந்திராது. வெள்ளைப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தவருக்கு அது தெரிந்திருக்கும். யோகமலருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை மாதம் பூட்டை மாற்றாமல் விட்டிருக்கிறாள். இப்போது அங்கே இருந்துகொண்டும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கைகால் கழுவி ஒழுச் செய்து தொழுதார். பிறகு மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். இடத்தைச் சொன்னதும் இரண்டிலும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

யோகமலர் விசாரணை அறைக்கு வெளியே, நடைபாதையில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தாள். அவர் உள்ளே வந்ததைக் கண்டபோது தன்மேல் முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள், இவர்கள் கடையில் இருந்தபடியே இரண்டு கம்பியூட்டர்களை அதோடு இணைத்து ஓட விடுங்கள், நான் வெளியே மதிலடியில் இருக்கிறேன் என்று சோமசேகரம் மூலம் அதிகாரியிடம் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். பூட்டு உடைகிறதா இல்லையா என்று பாருங்கள் என்றார்.

அதிகாரிக்கு வந்த தேநீரில் பாதி முடிந்திருக்கும். மஜீத் மதிலடியிலிருந்து எழுந்து வந்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். யோகமலர் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருந்த திறப்பு அதில் எழுத்துக்கு எழுத்து இருந்தது.

 பிறகு அதிகாரி கேட்டதைச் சோமசேகரம் தமிழில் சொன்னார். உடைக்கலாம் என்பது சரி, உடைத்தவன் இருக்கிறானா?

"நான் ஒடச்சேன்," என்றார் மஜீத். "என்ட பொண்டாட்டியோட கதைக்க ஒடச்சேன். மத்தது எனக்குத் தெரியாது. இந்தத் தங்கச்சி பூட்டித்தான் வெச்சிருந்திச்சு மாத்தயா. பூட்டுத்தான் சரியில்ல. நான் வந்த வழியால ரோட்டில போற எவனும் வரலாம்."

பக்கத்தில் நின்றவன் அவருடைய முகத்தில் அறைந்தான். அவர் விழவில்லை. மூக்குக்கண்ணாடிதான் விழுந்தது. யோகமலர் எழுந்தாள், இரு என்று சோமசேகரம் அதட்டினார், இருந்தாள். ஒரு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த மனிதர் முதன்முதலாகத் தன்னைத் தங்கச்சி என்று சொன்னது அவளுடைய காதில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வாகனம் போனபோது யோகமலர் அதில் இல்லை. ஒவ்வொரு கிழமையும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி, கம்பியூட்டர்களையும் பெட்டியையும் திருப்பிக் கொடுத்து அவளை விட்டார்கள். பெட்டியை உடைக்கத் தெரிந்தவன் என்று மஜீத்தை வைத்துக்கொண்டார்கள். அவரும் அந்த வாகனத்தில் போகவில்லை. மடிக்கணினியைத் துருவிப் பார்த்ததில், மின்னஞ்சல் போன நேரம் அவர் குவைத்தோடு கதைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்கடுத்த கிழமை, அவர் உள்ளே இருக்கும்போதே, அதே சொற்களோடு இன்னொரு மிரட்டல் போனது. இம்முறை நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றின் காற்று இணைப்பிலிருந்து. அங்கேயும் அதே பழைய பூட்டு. அனுப்பியவன் யாரென்று அந்த ஒழுங்கைக்குக் கடைசிவரை தெரிய வரவில்லை. மடிக்கணினியையும் கொடுத்து மஜீத்தை விட்டார்கள்.

அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் வந்தார். அன்றும் சீலைகள் ஆடின. முஸ்லிம் வீடுகளில், தமிழச்சிக்காகப் போய் அடிவாங்கினவன் என்றார்கள். தமிழ் வீடுகளில், அவளை மாட்டிவிட்டதே அவன்தான் என்றார்கள். ஒழுங்கை முனையில் இப்போது புதிதாக ஒரு காவல் கொட்டிலும் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வார்த்தை போனாலும் அதைப் பார்க்கக் கண்கள் இருந்தன. யோகமலர் கடைவாசலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். அவர் கடந்து போனார். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குள் அவர் மடிக்கணினியைத் திறந்தார். திரை ஒரு பக்கம் வெடித்திருந்தது, ஆனாலும் வேலை செய்தது. சுற்றிலும் என்ன இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்தார். யோகமலரின் இணைப்பு அந்த வரிசையில் இல்லை. அவள் காற்றை முழுதாக நிறுத்திவிட்டாள். கடைக்குள் எல்லாம் இப்போது வயரில் ஓடின. வயர் ஒழுங்கைக்கு வராது. அதைப் பிடிக்க ஒருவன் வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும்.

சரிதான், இப்படித்தான் செய்ய வேணும் என்று மஜீத் தனக்குள் சொல்லிக்கொண்டார். நல்ல பூட்டைக் கண்டு ஒரு தொழிலாளிக்கு வரும் மரியாதையோடுதான் சொன்னார். ஆனாலும் மடிக்கணினியை மூடியபோது அதன் மேல் கையை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். ஜெமீலா அங்கே என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்?

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்விட்டு, கால் நோவினால் மெல்ல மெல்ல நடந்து வந்து கதவைத் திறந்தார். கனகம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போயிருந்தாள். ஒழுங்கையில் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்கள். அறைக்குள் அவருடைய மேசைமேல் சீமெந்துத் தூள் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தார். சுவரின் மேல் துவாரம் ஒன்றிலிருந்து நீல நிற வயர் ஒன்று இறங்கி, மேசைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. நுனியில் புதிதாகப் பொருத்திய தலை. தூசு படாமல் அதைச் சிறிய பொலித்தீன் துண்டில் சுற்றி, பூக்கட்டும் நூலால் கட்டியிருந்தது.

அவர் கட்டை அவிழ்த்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வயரை மடிக்கணினியில் செருகினார்.

"என்னங்க, இத்தன நாளா எங்க போனீங்க?" என்றாள் ஜெமீலா. குரல் உடைந்திருந்தது.

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் போட்டோக்கொப்பி இயந்திரம் ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கடைக்கு யாரும் வருவதில்லை. இயந்திரம் பெரிய சத்தத்தோடு விடாமல் ஓடியது. இங்கே சொல்லும் ஒரு சொல்லும் அங்கே கேட்காத அளவுக்கு ஓடியது.